ஒன்பதாம் இடத்தில் ஒரு கதவு

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. சுவர் இருந்தது, கூரை இருந்தது, குழாய் இருந்தது, அதிசயமாகக் குழாயில் தண்ணீரும் இருந்தது. கதவுதான் இல்லை. காற்றும் மழையுமாக அடித்த ஒரு நாளில், துருப்பிடித்த தகரக் கதவு கீலோடு பிய்த்துக்கொண்டு பறந்து, மைதானத்தின் நடுவில் போய் மல்லாந்து படுத்துவிட்டது. வயதான கதவு. யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

தலைமையாசிரியை தச்சருக்குச் சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை வந்து தச்சர் கதவு நிலையை அளந்தார். இரண்டரை அடிக்கு ஆறடி. நிலை கல் மாதிரி உறுதியாக நின்றது. பட்டறையில் நன்றாகக் காய்ந்த பலகைகள் கிடந்தன. அன்று சாயங்காலமே எடுத்து இழைத்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாட்டிவிட்டு வந்துவிடலாம். அவருடைய மகளும் அந்தப் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர்.

சனிக்கிழமை ஜீப் வந்துவிட்டது.

ஜீப்பிலிருந்து சுருட்டிய தாள்கள் இறங்கின. வண்ணப் பேனாக்கள் இறங்கின. ஒரு மூட்டை காய்ந்த விதை இறங்கியது. ஊர் முன்னேற்ற முன்னுரிமை நிர்ணயத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் இறங்கினார். அவர் இறங்குவதைப் படம் எடுக்க ஏற்கெனவே ஒருவர் இறங்கி நின்றிருந்தார். முதல் தடவை இறங்கியது படத்தில் சரியாக விழவில்லை என்று ஒருங்கிணைப்பாளர் ஏறி மறுபடியும் இறங்கினார்.

பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் கூட்டம் போட்டார்கள்.

"இத்தனை வருஷமா உங்க ஊர்ல என்ன நடந்துக்கிட்டிருந்துச்சு?" என்று ஒருங்கிணைப்பாளர் ஆரம்பித்தார். "ஓடு உடைஞ்சா ஓடு மாத்துனீங்க. பள்ளம் விழுந்தா மண்ணைக் கொட்டுனீங்க. எது முதல்ல, எது பிறகுன்னு என்னைக்காவது உக்காந்து பேசுனீங்களா? பேசல. அதனாலதான் எல்லா வேலையும் அரை அரை நாள்லயே முடிஞ்சுபோயிருக்கு."

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. இவ்வளவு பெரிய தப்பை இத்தனை காலமாகச் செய்துவந்தோம் என்பது அன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

"சரி, ஊருக்கு என்ன வேணும்? சொல்லுங்க."

தச்சர் எழுந்தார். "பெருசா ஒண்ணும் இல்லீங்க. பிள்ளைங்க கழிப்பறைக்குக் கதவு இல்ல. அதையும் நாளைக்கு நானே மாட்டிடுறேன்."

ஒருங்கிணைப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுப்பில் குழந்தை கை வைக்கப் போவதைப் பார்த்தவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, தொட்டுடாதீங்க. தயவுசெஞ்சு தொட்டுடாதீங்க."

"கதவையா?"

"கதவு இல்லாததை. அது எங்களுக்கு அடிப்படைத் தகவல். இப்ப உங்க ஊர் எப்படி இருக்குன்னு நாங்க முதல்ல பதிவு பண்ணணும். பிறகு அதை முன்னுரிமை வரிசையில வைக்கணும். பிறகுதான் முன்னேற்றம். டாக்டர் வந்து பாக்குறதுக்குள்ள நோயாளி அவசரப்பட்டு குணமாயிட்டா, டாக்டருக்கு எப்படிங்க இருக்கும்?"

டாக்டரின் மனநிலையைத் தச்சர் அதற்கு முன் யோசித்துப் பார்த்ததில்லை. அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

"உங்கள மாதிரி தேவையைத் தெளிவாச் சொல்றவங்கதான் எங்களுக்கு வேணும்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "நீங்கதான் இனிமே இந்த ஊர் முன்னுரிமைக் குழுவுக்கு அமைப்பாளர். வாங்க, இப்படி உக்காருங்க."

கை வைத்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

இங்கே தச்சரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கெட்டிக்காரர், நாணயமானவர், உளி பிடித்தால் மரம் சொன்னபடி கேட்கும். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் நாற்காலி செய்து கொடுத்தவர். வாங்கியவர்கள் எல்லாரும் ஆட்டிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், தாங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நீயும் உட்கார் என்று அவரிடம் ஒரு ஆள் சொன்னதில்லை. இப்போது ஜீப்பில் வந்த ஒருவர் சொல்கிறார். தச்சர் உட்கார்ந்தார். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். படம் எடுத்தார்கள். படத்தில் தச்சர் நேற்றே பதவிக்கு வந்தவர் போல இருந்தார்.

வீட்டில் வானொலி காத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைக்குக் கதவு மாட்டிடுவீங்கள்ல? தாழ்ப்பாள் உள்பக்கம் வைங்க. பழசுல வெளிப்பக்கம் வச்சிருந்தாங்க, பசங்க பூட்டிட்டு ஓடிடுவானுங்க. கொஞ்சம் கீழ வைங்க, அஞ்சாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு எட்டாது. அப்புறம்..."

"நாளைக்கு இல்லம்மா. அதுக்கு ஒரு முறை இருக்கு."

"என்ன முறை?"

தச்சருக்கு என்ன முறை என்று தெரியவில்லை. "அடிப்படைத் தகவல்," என்றார்.

"அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது?"

"கொஞ்ச நாள்தானே. பொறுத்துக்குங்க."

அவர் மனைவி சாப்பாட்டைத் தட்டில் போட்டபடி, "எதைப் பொறுக்கச் சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டாள். தச்சர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறுத்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

தேவைகளைத் திரட்டுவதற்கு ஆறு வாரம் ஆயிற்று. ஊரில் மொத்தம் இருநூறு வீடுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு தேவை கிடைத்தது. அவற்றைப் பன்னிரண்டாகச் சுருக்குவதற்கு இன்னும் ஆறு வாரம். கதவை அப்படியே 'கதவு' என்று எழுதக்கூடாது என்றார்கள். கதவு என்பது ஒரு பொருள். தேவை என்றால் அதில் ஒரு கருத்து இருக்க வேண்டுமாம். ஒரு முழுப் பகல் விவாதித்து, 'கற்றல் வளாகத்தில் பாலினம் சார்ந்த தனிமைக்கான தடுப்புச் சூழல்' என்று எழுதினார்கள். அதை வாசித்த சைக்கிள் கடைக்காரர், "ஏண்ணே, உங்க கதவைக் காணோமே, எடுத்துட்டாங்களா?" என்று தச்சரைக் கேட்டார். தச்சருக்கும் அதே சந்தேகம் இருந்தது. அமைப்பாளராக இருந்துகொண்டு அதைப் போய் யாரிடம் கேட்பது?

பிறகு விதை போடும் நாள் வந்தது. பன்னிரண்டு தேவைக்கும் பன்னிரண்டு படம் வரைந்து அறையைச் சுற்றித் தரையில் வைத்தார்கள். ஆளுக்குப் பத்து விதை. எது முக்கியமோ அந்தப் படத்தின்மேல் போட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு விதை கிடையாது. ஆகவே கதவை உபயோகிக்கிறவர்கள் கையில் விதை இல்லை. காலை பத்து மணிக்குக் கூட்டம். ஆகவே வேலைக்குப் போன அம்மாக்களும் இல்லை. மிச்சமிருந்தவர்கள் ஆண்கள். அவர்கள் படங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தனக்கு வேண்டியதன் மேல் நாலு பேர் பார்க்க விதை போட அந்த ஊர்க்காரர்களுக்குக் கை வராது. பேராசைக்காரன் என்று நினைத்துவிடுவார்கள். பாலம் வேண்டியவர் தெருவிளக்கில் போட்டார். தெருவிளக்கு வேண்டியவர் வாய்க்காலில் போட்டார். பாதிப் பேருக்கு எதில் போடுவது என்றே புரியாமல், கை நிறைய விதையோடு தேநீர் வைத்திருந்த மேசைப் பக்கம் ஒதுங்கினார்கள். விதையோடு டம்ளரைப் பிடிக்க முடியாது. மேசைக்குக் கீழே கிடந்த படத்தின்மேல் மொத்தத்தையும் கொட்டிவிட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டார்கள்.

தச்சர் கையிலும் பத்து விதை இருந்தது. கதவுப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மகள் அன்று காலையில் அரை டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றி, கொப்பளித்து, துப்பிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. கையைத் திறக்கப் போனார்.

"அமைப்பாளர் பொதுவான ஆள்," என்று ஒருங்கிணைப்பாளர் காதோரம் சொன்னார். "சொந்தப் பிள்ளைக்குப் போட்டார்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

தச்சர் பத்துப் படத்துக்கு ஒவ்வொரு விதையாகப் போட்டார். கதவுக்கு ஒன்று விழுந்தது. படமெடுப்பவர் கேட்டுக்கொண்டதால் அந்த ஒன்றையும் எடுத்து மறுபடி போட்டுக் காட்டினார்.

கதவு ஒன்பதாவது இடத்துக்கு வந்தது. தேநீர் மேசைக்குக் கீழே கிடந்த படம் பிரமாண்டமான வித்தியாசத்தில் முதலிடம் பெற்றது. அது, முன்னுரிமைகளை எழுதி வைப்பதற்கான ஒரு பலகையின் படம்.

ஒருங்கிணைப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாப்பது ஊர் போயிருக்கேன். இவ்வளவு முதிர்ச்சியான மக்களை எங்கயும் பாத்ததில்ல. பாலம் கேக்கல, விளக்கு கேக்கல. முன்னுரிமையையே முன்னுரிமையாக் கேட்டிருக்காங்க."

பலகை செய்யும் பொறுப்பு இயல்பாகவே தச்சருக்கு வந்தது. மறுநாளே வேண்டும் என்றார்கள். கையில் தயாராக இருந்தது கதவுக்கென்று இழைத்து வைத்த மரம்தான். இரண்டரைக்கு ஆறு. தச்சர் இரண்டு நிமிஷம் அதைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு செய்துவிட்டார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தெருவழியாகத் தூக்கிக்கொண்டு போனபோது சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அடடே, கதவு அருமையா வந்திருக்கேண்ணே. இன்னைக்கு மாட்டுறீங்களா?"

"கதவு இல்லப்பா. பலகை."

"ஓகோ," என்றார் அவர். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பள்ளி வாசலில் பலகையை நட்டார்கள். அதில் ஒன்பதாவது வரியாகக் கதவு இருந்தது. கழிப்பறைக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கம்பத்தில் 'தேவை எண் 9' என்று எழுதி அம்புக்குறி போட்டார்கள். அதுவரை பக்கத்தில் வந்து பார்த்தால்தான் கதவில்லை என்று தெரியும். இப்போது சாலையிலிருந்தே தெரிந்தது.

ஐந்தாவது மாதம் திட்ட இயக்குநரே வந்தார். அவரோடு வேறு ஊர்களிலிருந்து இருபது விருந்தினர்கள். மக்கள் எப்படித் தங்கள் தேவையைத் தாங்களே வரிசைப்படுத்தினார்கள் என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தவர்கள். தச்சர் புதுச்சட்டை போட்டு, அட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பலகையைக் காட்டினார். விருந்தினர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அம்புக்குறியைப் பின்பற்றிக் கழிப்பறைக்கு வந்தார்கள்.

அங்கே நாலு பெண் பிள்ளைகள் வாசலை அடைத்து, முதுகை உள்பக்கமாகவும் முகத்தை வெளிப்பக்கமாகவும் வைத்து, தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து நின்றதும் நாலு பேரும் இன்னும் நெருங்கிக்கொண்டார்கள். நடுவில் நின்றவள் வானொலி.

இயக்குநர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரல் தழுதழுக்க விருந்தினர்கள் பக்கம் திரும்பினார்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. நம்ம திட்டத்துல எழுதாத ஒண்ணை இந்தக் குழந்தைங்களே கண்டுபிடிச்சிருக்காங்க. மனிதக் கதவு. மரம் வேண்டாம், கீல் வேண்டாம். துருப்பிடிக்காது. உள்ளூர் வளம். வருஷா வருஷம் புதுசா மாணவிங்க சேர்றதால தேயவும் தேயாது. அமைப்பாளரே, இது எப்படி இயங்குதுன்னு நம்ம விருந்தினர்களுக்கு நீங்களே விளக்குங்க."

இருபது பேனா தயாராக இருந்தது. தச்சர் மகளைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

அப்போதாவது வாய் அடைத்துப் போயிருக்கலாம். தொண்டை கட்டியிருக்கலாம். தலைசுற்றி விழுந்திருக்கலாம், அதுகூட மரியாதையாக இருந்திருக்கும். தச்சர் விளக்கினார்.

"நாலு நாலு பேரா நிக்கிறாங்க சார். ஒவ்வொரு இடைவேளைக்கும் முறை மாத்திக்குவாங்க."

"சுழற்சி முறை," என்று இயக்குநர் மொழிபெயர்த்தார். இருபது பேனாவும் எழுதின. ஒருங்கிணைப்பாளர் உடனே வாசலுக்கு ஓடி, ஒன்பதாம் தேவை நிறைவேறிவிட்டதாகப் பலகையில் ஒரு கோடு போட்டார். விருந்தினர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்வரை உள்ளே இருந்த பிள்ளையால் வெளியே வர முடியவில்லை.

அன்றிலிருந்து வானொலி நின்றுவிட்டது. அப்பா என்றுகூடக் கூப்பிடவில்லை. சாப்பாடு வேண்டுமானால் அம்மாவிடம் கேட்டாள். அவர் கேட்டதற்கு ஆமாம் இல்லை என்று தலையை ஆட்டினாள். வீடு கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தது.

ஏழாவது மாதம் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நர்ஸ் பரிசோதித்துவிட்டு, "சிறுநீர்ல கிருமி. ஏம்மா, தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்டாள்.

"குடிச்சா போகணும்ல," என்றாள் வானொலி.

"போனா என்ன?"

"கதவில்ல."

நர்ஸ் ஊசியைத் தயார் செய்தபடியே சொன்னாள். "இந்த மாசத்துல உங்க பள்ளிக்கூடத்துலேருந்து ஆறாவது பிள்ளை. ஒரு கதவு போடுறதுக்கு ஊர்ல ஆளே இல்லையா?" பிறகு பதிவேட்டைத் திறந்து தச்சரைப் பார்த்தாள். "அப்பா என்ன வேலை பண்றீங்க?"

தச்சர் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய ஒரு வார்த்தை. நாக்கில் வந்து நின்றது, இறங்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை வாசிப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

"தச்சு வேலை," என்றாள் அவர் மனைவி.

நர்ஸ் எழுதப் போன பேனாவை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு தடவை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை. எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் மரம் இல்லை. எல்லாவற்றையும் திட்டத்துக்கு மேடையாகவும் படத் தாங்கியாகவும் செய்து கொடுத்திருந்தார். வீட்டுக் குளியலறைக் கதவைக் கழற்றத் தொடங்கினார். மனைவி திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நமக்கு?" என்றார் தச்சர்.

"துணி கட்டிக்கிறேன். நீங்க நடங்க."

கதவை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். சைக்கிள் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அகலத்தில் ஒரு விரல் அதிகம், சீவினார். கீலை முடுக்கினார். தாழ்ப்பாளை உள்பக்கம், அஞ்சாம் வகுப்புக்கு எட்டும் உயரத்தில் வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக அங்கேயே நின்றார். வேலை அவ்வளவுதான் என்பதை அவரால் சகிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை திட்ட அலுவலகத்தில் பெரிய குழப்பம். பதிவின்படி ஒன்பதாம் தேவை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. தீர்ந்துபோன தேவைக்கு இன்னொரு தீர்வு வந்து நின்றால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? முடிவாகும்வரை கதவை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, கழற்றச் சொல்லலாமா என்று மூன்று நாள் ஆலோசித்தார்கள். நான்காம் நாள் இயக்குநருக்கு ஒரு வழி தோன்றியது. 'தேவையே இல்லாத இடத்திலும் தீர்வு காணும் மக்கள்' என்று அறிக்கைக்குத் தலைப்பு வைத்தார். கதவைத் தானே திறந்துவைப்பதாகவும், அதுவரை யாரும் உள்ளே போகக்கூடாது என்றும் சொல்லியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை இடைவேளை நேரம். கதவுக்குக் குறுக்கே நாடா கட்டியிருந்தார்கள். தச்சரை இயக்குநருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

"ஒரு கதவு திறக்கும்போது," என்று இயக்குநர் தொடங்கினார், "ஒரு ஊரே திறக்குது. இந்தக் கதவைப் பண்ணினது யாரு? இவரா? இல்ல. திட்டம். கையும் மரமும் எல்லா ஊர்லயும் இருக்கு. எட்டு மாசம் பொறுமையா யோசிக்க வச்சது யாரு?"

"ஏழு சார்," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"ஏழு. அறிக்கையில எட்டுன்னே போடுங்க."

நாடாவை வெட்டினார். கைதட்டினார்கள். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். கதவு திறக்கவில்லை. படமெடுப்பவருக்காகச் சிரித்துக்கொண்டே இன்னும் பலமாகத் தள்ளினார். அசையவில்லை, அது நல்ல தச்சன் மாட்டிய கதவு.

"ஆள் இருக்கு," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே நாடாவுக்குக் கீழே குனிந்து உள்ளே போயிருக்கிறாள். இரண்டு மாதமாக அவரை அப்பா என்று கூப்பிடாத குரல். அது யாருடையது என்று தச்சருக்குத் தெரிந்தது. அந்தக் குரல் அவரிடம் பேசவில்லை, இயக்குநரிடம்தான் பேசியது என்பதும் தெரிந்தது.

இயக்குநர் ஒதுங்கி நின்றார். தாழ்ப்பாள் விலகியது. வானொலி வெளியே வந்தாள், யாரையும் பார்க்காமல் நடந்தாள். அவர் கையை நீட்டுவதற்குள் வரிசையில் நின்ற அடுத்தவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை மைதானத்தைத் தாண்டிப் பலகைவரைக்கும் போயிருந்தது. அத்தனை பேரும் காலையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

படமெடுப்பவர் கருவியைக் கீழே இறக்கினார். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன அமைப்பாளரே, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

தச்சர் அந்த வரிசையை நிமிர்ந்து பார்க்க முயன்றார். முடியாமல் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஏழு மாசமா அடக்கிக்கிட்டு இருந்திருக்காங்க சார். கொஞ்ச நேரம் ஆகும்."